ஒலியின் தூய்மையும் இசையின் தகுதியும்

1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆம் நாள். லண்டன் மாநகரில் ஓவியர் ருடால்ஃப் லேமன் என்பாரின் இல்லத்தில் ஒரு விருந்து. அங்கு வந்திருந்தோருள் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கும் ஒருவர். அப்போது அவருக்கு அகவை எழுபத்தாறு. எடிசனின் போனோகிராப் கருவி அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. நண்பர்கள் வேண்டிக்கொள்ளவே, குதிரைச் செலவு ஒன்றைப் பாடும் தம் புகழ்பெற்ற கவிதையை அக்கருவியின் முன் கவிஞர் சொல்லத் தொடங்கினார். சில அடிகள் சென்றன. பிறகு நினைவு தடுமாறிற்று. தம் பாடலே தமக்கு மறந்துபோனமைக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்த வியத்தகு கருவியைத் தாம் என்றும் மறவேன் என்று கூறித் தம் பெயரை உரத்து மொழிந்தார். அவ்வளவே பதிவு. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். ஓராண்டு கழித்து அவருடைய நினைவு நாளில் அன்பர்கள் கூடி அம்மெழுகு உருளையைச் சுழலவிட்டு அவர் குரலைக் கேட்டனர். மறைந்த மனிதர் ஒருவரின் குரலைச் சுற்றத்தார் கூடியிருந்து கேட்ட மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் அது ஒன்று.

அப்பதிவை இன்றும் கேட்க இயலும். பெரும்பகுதி இரைச்சலே, அவ்விரைச்சலுக்கு அப்பால், சுவருக்குப் பின்னிருந்து ஒருவர் கூவுவது போன்ற குரல். ஒலித் தரம் என்னும் அளவுகோலை மட்டும் கையிற்கொண்டு நோக்கினால், குப்பையில் எறியத்தக்கது. எனினும் அதனை எறிய யார்க்கு மனம் வரும்?

இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. ஒலிப்பதிவின் வரலாறு நெடுகிலும் இருவகைச் செவிகள் இருந்து வந்துள்ளன. ஒன்று, பதிவின்வழி இசையைக் கேட்பது. மற்றொன்று, இசையின்வழிப் பதிவைக் கேட்பது. இரண்டாம் வகையினரை மேலைநாட்டார் 'ஆடியோஃபைல்' என்பர். நாம் 'ஒலிச்சுவைஞர்' எனக் கொள்ளலாம். விலைமிக்க ஒலிபெருக்கிகளையும் மிகைப்பிகளையும் வாங்கி, அவற்றின் ஆற்றலை வெளிப்படுத்தும் தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்ப்போர் இவர். இவர்களுக்கெனவே தட்டுகள் வெளியிடும் நிறுவனங்களும், இவர்களுக்கெனவே இதழ்களும் மேலைநாடுகளில் தோன்றின. அத்தட்டுகளின் ஒலிச் சிறப்பை மறுப்பார் இலர். அவற்றின் இசைத் தகுதியோ நெடுங்காலமாக வழக்கில் இருப்பது.

எடிசனின் செவி

இவ்வழக்கின் முதல் பக்கத்தைப் புரட்டினால் தாமஸ் எடிசனையே காண்கிறோம். 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டவர் அவர். எமில் பெர்லினர் 1887இல் தட்டையான தட்டைக் கொணர்ந்த பின்னரும் நெடுநாள் உருளையையே பற்றி நின்ற எடிசன், 1912இல் 'டயமண்ட் டிஸ்க்' என்னும் தட்டை வெளியிட்டார். கால் அங்குலக் கனம், நிமிடத்திற்கு 80 சுற்று, வைர முள். பிறருடைய தட்டுகளில் முள் பக்கவாட்டில் அசைய, எடிசனின் தட்டில் மேலும் கீழுமாக அசைந்தது. ஒலியின் இயல்பான வண்ணத்தைத் தருவதில் அக்காலத்து ஏனைய தட்டுகள் இதனை எட்டவில்லை என்பதே வல்லுநர் பலரின் முடிவு.

இதனை மக்கள்முன் மெய்ப்பிக்க 1915 முதல் பத்தாண்டுக் காலம் 'தொனிச் சோதனை' என்ற பெயரில் அமெரிக்க நகரங்கள்தோறும் நிகழ்ச்சிகள் நடத்தப்பெற்றன. மேடையில் கருவி; அருகே பாடகி. தட்டும் பாடகியும் சேர்ந்து பாடுவர், இடையிடையே பாடகி வாய்மூடி நிற்பார், தட்டு தொடரும். பின்னர் விளக்குகள் அணையும். இருளில் பாடுவது யார், கருவியா மனிதரா? விளக்கு எரியும்போது பாடகி மேடையில் இருக்கமாட்டார். அவையோர் வியந்து கைதட்டுவர். 1916இல் நியூயார்க்கின் கார்னகி மன்றத்திலேயே மேரி ரப்போல்ட் என்னும் பாடகியைக் கொண்டு இச்சோதனை நிகழ்ந்தது. வேறுபாடு தெரியவில்லை என்றே நாளிதழ்கள் எழுதின.

அத்தட்டுகளை இன்று கேட்பவர்க்கு இச்செய்தி நகைப்பைத் தரும். பரப்பிரைச்சலே காதை நிறைக்கிறதே, எவ்வாறு ஏமாந்தனர்? ஆனால் அவர்கள் செவிடர் அல்லர். எந்த ஒலியைப் பொருட்படுத்துவது, எதனை ஒதுக்குவது என்பதைச் செவி ஒவ்வொரு காலத்திலும் கற்றுக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. இச்சோதனைகளில் பங்குகொண்ட ஆனா கேஸ் என்னும் பாடகி, கருவியின் ஒலிக்கு இணங்கத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பல்லாண்டு கழித்துக் கூறினார். கருவி மனிதரைப் போலப் பாடியது என்று உலகம் வியந்தது. மனிதர் கருவியைப் போலப் பாடினார் என்பதே உண்மை. ஒலிச்சுவைஞர் வரலாறு முழுவதற்கும் பொருந்துகின்ற ஒரு குறிப்பு இதில் அடங்கியிருக்கக் காண்கிறேன்.

இத்துணைச் சிறந்த தட்டு ஏன் வீழ்ந்தது? விடை இசையில் இருக்கிறது. எடிசனுக்குக் காது மந்தம். கருவியின் மரச் சட்டத்தைப் பல்லால் கடித்து, எலும்பின்வழி அதிர்வை உணர்ந்து இசை கேட்டவர் அவர். குரலின் நடுக்கம் அவருக்குப் பிடிக்காது. இசைநாடகப் பெருங்கலைஞர்கள்மேல் மதிப்பில்லை. ஆயினும் யாரைப் பதிவு செய்வது, எதனை வெளியிடுவது என்பதை நெடுங்காலம் அவரே முடிவு செய்தார். செர்கெய் ரக்மானினோவ் 1919இல் அவருடைய நிறுவனத்திற்குப் பியானோ வாசித்தார். தம் இசைவின்றிப் பதிவுகள் வெளியானமையால் மனம் வருந்தி 1920இல் விக்டர் நிறுவனத்திற்குச் சென்றுவிட்டார் என்பர். விக்டரிடம் ஏற்கெனவே என்ரிகோ கரூஸோ இருந்தார். மிலான் நகரின் விடுதி அறையொன்றில் 1902 ஏப்ரலில் நூறு பவுன் ஊதியத்திற்குக் கரூஸோவின் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தவர் பிரெட் கெய்ஸ்பர்க். அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதித்தவரும் இவரே. கெய்ஸ்பர்க் ஒலியைத் தேடி அலையவில்லை. கலைஞரைத் தேடி அலைந்தார். மக்கள் தாழ்ந்த ஒலியில் கரூஸோவை வாங்கினர். உயர்ந்த ஒலியில் எடிசனின் பாடகரை வாங்க மறுத்தனர். 1929 அக்டோபரில் எடிசன் நிறுவனம் இசைத்தட்டு வணிகத்தை விட்டே விலகியது.

பீரங்கியும் பறையும்

1925இல் மின்வழிப் பதிவு வந்தது. 1931இல் ஆலன் புளூம்லைன் இரட்டைத்தட ஒலிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஒலிக்கும் தட்டை வெளியிட்டது. இவற்றை விரிப்பின் பெருகும். நம் பொருளுக்கு வேண்டியது, 1950களில் அமெரிக்காவில் 'ஹை-ஃபை' என்ற சொல் ஒரு வீட்டுச் சமயமாகவே மாறியது என்பதுதான்.

அதன் தொடக்கம் மாசற்றது என்றே சொல்லவேண்டும். 1951இல் மெர்க்குரி நிறுவனத்தின் பொறியாளர் இராபர்ட் ஃபைன், சிகாகோ சிம்பொனி இசைக்குழுவை ரஃபேல் கூபெலிக் நெறிப்படுத்த, நெறியாளரின் தலைக்கு மேல் ஒரேயொரு ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். கேட்ட நாளிதழ்த் திறனாய்வாளர், இசைக்குழு உயிரோடு நம்முன் இருப்பதாக எழுத, அத்தொடரே 'லிவிங் பிரசன்ஸ்' என அவ்வரிசையின் பெயராயிற்று. 1954 மார்ச்சு மாதம் ஆர்.சி.ஏ. நிறுவனம் அதே இசைக்குழுவை, ஃபிரிட்ஸ் ரைனரின் நெறியாள்கையில், ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் படைப்பொன்றை வாசிக்கச்செய்து இரண்டு ஒலிவாங்கிகளால் ஸ்டீரியோ முறையில் பதிந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டு என்பதே அன்று கடைகளில் இல்லை. எழுபதாண்டு கடந்தும், ஒலிக்கும் இசைக்கும் ஒருசேர அளவுகோலாக அப்பதிவு நிற்கிறது. பதிவுக் கலைஞர் பணிவோடு ஒதுங்கி நிற்க, இசை தன் முழு உருவோடு வெளிப்படுதல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கடைத்தெருவில் விலைபோனது வேறு. அதே மெர்க்குரி 1954இல் ஆன்டல் டொராட்டியைக் கொண்டு சைக்காவ்ஸ்கியின் '1812' முகப்பிசையைப் பதிவு செய்தது. நெப்போலியனின் படையெடுப்பைக் குறிக்கும் அப்படைப்பில் பீரங்கி முழக்கத்திற்கு இடமுண்டு. வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியின் பழைய பீரங்கி வெடிக்கப்பெற்று, அவ்வொலி தனியே பதிந்து சேர்க்கப்பட்டது. அத்தோடு நில்லாமல், பீரங்கியை எவ்வாறு பதிவு செய்தோம் என்பதை விளக்கும் உரையும் அதே தட்டில் இடம்பெற்றது. இசை முடிந்ததும் இசை பற்றிப் பேசாமல் வெடிபற்றிப் பேசுகிறார் உரையாளர். தட்டோ மிகுதியாக விற்றது.

1959இல் ஈனாக் லைட் என்பார் தம் கமாண்ட் நிறுவனத்தின்வழி 'பர்சுவேசிவ் பெர்கஷன்' என்னும் தட்டை வெளியிட்டார். போங்கோ பறை இடப்பக்கம் ஒலிக்கும், மறுகணம் வலப்பக்கம், மேசைப்பந்து போல ஒலி அங்குமிங்கும் துள்ளும். பாடல்கள் எல்லோரும் அறிந்த பழைய மெட்டுகளே. ஒவ்வொரு பாடலிலும் எந்த ஒலி எங்கிருந்து வரும், அதனைக்கொண்டு உங்கள் கருவியை எவ்வாறு சோதிப்பது என்று உறையில் நீண்ட விளக்கம். விளக்கம் பெருகியதால் உறையே இரண்டாக விரியும்படி அமைக்கப்பட்டது. 1960இல் பதின்மூன்று வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் வகித்தது.

தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் இவ்விடத்தே எனக்கு நினைவுக்கு வருவது நம் மிறைக்கவிகளே. நாகபந்தத்தில் எழுத்துகள் பாம்பின் உடலில் எங்கெங்கே சந்திக்கின்றன என்று விரல்வைத்துக் காட்டி மகிழ்கிறோம். இயற்றியவரின் உழைப்பை வியக்கிறோம். ஆயினும் துயருற்ற நாளொன்றில் நாகபந்தப் பாடலை யாரும் மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதில்லை. தளை தட்டாமையால் மட்டும் வெண்பா கவிதையாகிவிடாது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நான் விளக்கவேண்டுவதில்லை.

1970களில் இப்போக்கு மேலும் கூர்மையுற்றது. கலிபோர்னியாவில் லிங்கன் மயோர்காவும் டக் சாக்ஸும் நிறுவிய ஷெஃபீல்டு லேப், ஒலிநாடாவையே விலக்கியது. இசைஞர் வாசிக்கும்போதே வெட்டுக்கருவி அரக்குத் தட்டில் வரி கீறும். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் வாசித்தாகவேண்டும். இறுதிப் பாடலில் ஒருவர் தவறினால் முதற்பாடலிலிருந்து மீண்டும். நாடாவின் இரைச்சல் நீங்கிற்று; ஒலி பளிங்குபோல் வந்தது. ஆனால் வாசிப்பவர் உள்ளத்தில் குடிகொண்டது யாது? தவறக்கூடாது என்னும் அச்சம். துணிந்து ஒரு புதிய வழியில் அடியெடுத்து வைக்க யாருக்கு மனம் வரும்? ஹாரி ஜேம்ஸ் போன்ற பழுத்த இசைஞர்கள் அந்நெருக்கடியிலும் மிடுக்கோடு வாசித்தனர் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

1976 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரின் 'ஸ்டாம்பென்' என்னும் சிறு ஜாஸ் கூடத்தில் கெர்ட் பால்ம்கிரான்ட்ஸ் என்ற பொறியாளர் ஆர்னே டோம்னேரஸ் குழுவினரின் வாசிப்பை இரண்டு இரவுகள் பதிந்தார். அடகுக்கடை இருந்த இடம் அது. தட்டின் பெயரும் 'ஜாஸ் அட் தி பான்ஷாப்'. கேட்போரின் பேச்சும் கண்ணாடிக் குவளைகளின் கிணுகிணுப்பும் அதில் அப்படியே கேட்கின்றன. உலகெங்கும் ஒலிச்சுவைஞர் வீடுகளில் இத்தட்டு தவறாமல் இருக்கும். இசை இனிமையானது, நாகரிகமானது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது ஜாஸ் திறனாய்வாளர் பலரின் கருத்து. குவளை ஒலியின் துல்லியத்தைப் புகழ்வோர், சாக்சபோன் என்ன சொல்கிறது என்று பேசுவது அரிது.

உச்சத்தை எட்டியது மீண்டும் '1812'தான். டெலார்க் நிறுவனம் எரிக் குன்செல் நெறியாள, சின்சினாட்டி இசைக்குழுவைக் கொண்டு எண்ணியல் முறையில் பதிந்த அத்தட்டு 1979இல் வெளிவந்தது. பீரங்கி வெடிக்குமிடத்தில் தட்டின் வரி வளைந்து நெளிவதைக் கண்ணாலேயே காணலாம். பலர் வீட்டில் முள் வரியைவிட்டுத் துள்ளி எழுந்தது. ஒலிபெருக்கிகளுக்குத் தீங்கு நேரலாம் என்ற எச்சரிக்கை உறையிலேயே அச்சாகியிருந்தது. எச்சரிக்கையே விளம்பரமாயிற்று.

இதனுடன் வேறொரு பதிவை இணைத்துக் கேட்கவேண்டும். 1944இல் பெர்லின் வானொலிக் கூடத்தில் வால்டர் கீசெகிங், பீத்தோவனின் ஐந்தாம் பியானோ இசைநிகழ்வை வாசித்தார். செருமானியர் அக்காலத்தில் செம்மைப்படுத்திய காந்த நாடாவில் ஸ்டீரியோவாகவே அது பதிவாயிற்று. மெல்லிய பகுதிகளில் தொலைவிலிருந்து மங்கலான அதிர்வுகள் கேட்கின்றன. நகரைத் தாக்க வந்த விமானங்களை நோக்கி வெடித்த பீரங்கிகள் அவை எனப்படுகிறது. யாரும் அவற்றைச் சேர்க்கவில்லை, நீக்கவும் இயலவில்லை. டெலார்க்கின் பீரங்கி அறையை அதிரச்செய்கிறது. கீசெகிங்கின் பின்னே ஒலிப்பதைக் கேட்டால் உள்ளங்கை வியர்க்கிறது.

ஒலித்தரம் உயர உயர வாசிப்பின் தரம் தாழும். வாசிப்பு உயர்ந்ததாயின் பதிவு தாழ்ந்ததாயிருக்கும்: இவ்வாறு பாதி வேடிக்கையும் பாதி வேதனையுமாக ஒரு விதி வகுத்தவர் கோர்டன் ஹோல்ட். ஒலிச்சுவைஞரின் பகைவர் அல்லர் அவர். 1962இல் 'ஸ்டீரியோஃபைல்' இதழைத் தொடங்கிய முன்னோடி. அவ்விதிக்குக் காரணங்கள் உண்டு. பெருங்கலைஞர்கள் பெருநிறுவனங்களோடு ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தனர். ஒலியில் அக்கறை மிக்க சிறு நிறுவனங்களுக்குக் கிடைத்தோர் எஞ்சியோரே. கருவியின் ஆற்றலைக் காட்டவேண்டும் என்பதே தேர்வின் நோக்கமானதால் பறையும் மணியும் பெருமுழக்கமும் முந்தின. நால்வர் கூடி மெல்ல உரையாடும் இசை பின்தள்ளப்பட்டது. விதிக்கு விலக்குகளும் உள. ரைனரைச் சொன்னேன். யானோஷ் ஸ்டார்க்கர் 1960களில் மெர்க்குரிக்காக வாசித்த பாஹ்கின் செலோ தொகுதிகள் மற்றொன்று. அதன் முதற்பதிப்புத் தட்டுகளுக்காக ஒலிச்சுவைஞரும் இசைச்சுவைஞரும் ஒரே ஏலத்தில் மோதிக்கொள்கின்றனர்.

பழுதுற்ற பதிவுகளின் பெருமை

அதே செலோ தொகுதிகளை முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்தவர் பாப்லோ காசல்ஸ். 1936க்கும் 1939க்கும் இடைப்பட்ட காலம் அது. அவர் தாயகமாகிய ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை லண்டனில் பீத்தோவனின் முப்பத்திரண்டு பியானோ சொனாட்டாக்களையும் பதிந்தார். முன்கூட்டியே சந்தா செலுத்தியோர்க்காக வெளியிடப்பட்ட தட்டுகள் அவை. ஒரு பக்கத்திற்கு நான்கு நிமிடமும் சிறிதுமே. அதற்குள் இசையை வெட்டியாகவேண்டும். 'ஹாமர்கிளேவியர்' எனப்படும் சொனாட்டாவின் முதற்பகுதியைப் பீத்தோவன் குறித்த கடுவேகத்திலேயே வாசிக்க முனைந்து, சுரங்கள் பலவற்றைத் தவறவிடுகிறார் ஷ்னாபெல். தவறு யாவர்க்கும் கேட்கிறது. ஆயினும் பிழையின்றி வாசித்த பிற்காலத்தார் பலரிடம் இல்லாத ஒன்று அவ்வேகத்தில் இருக்கிறது: எட்டவியலாததை எட்ட முயலும் மூச்சு.

இராபர்ட் ஜான்சன் என்னும் கறுப்பினப் பாடகர் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவிலும் டல்லாஸிலும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இருபத்தொன்பது பாடல்களைப் பாடிவிட்டு, 1938இல் இருபத்தேழாம் அகவையில் இறந்தார். தேய்ந்த தட்டுகளிலிருந்து அவர் குரலை மீட்டு 1961இல் வெளியிட்டபோது, கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் ஓர் இளைஞர் தலைமுறையே அதனைக் கேட்டுக் கிதார் கற்றது.

வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லரின் போர்க்காலப் பதிவுகளை இங்கே குறிப்பிடாமல் கடக்க இயலாது. 1942 மார்ச்சில் பெர்லினில் அவர் நெறிப்படுத்திய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி நாடாவில் பதிவாகி, போர் முடிவில் சோவியத் படையினரால் மாஸ்கோவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து தட்டுகளாக உலகிற்கு வந்தது. உரத்த இடங்களில் ஒலி சிதைகிறது. மானுட உடன்பிறப்பைப் பாடும் பாடற்பகுதியை நாஜித் தலைநகரில் பாடுகிறார்கள்; மனம் கொதிக்க நெறிப்படுத்துகிறார் நெறியாளர். அது எதிர்ப்பா, உடந்தையா? அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். என்னளவில் அப்பதிவை இசையின்பத்திற்காகக் கேட்க இயலவில்லை. ஆனால் ஒன்பதாம் சிம்பொனியைப் பற்றிப் பேசும்போது அதனை ஒதுக்கிவிட்டுப் பேசவும் இயலவில்லை. இசைத் தகுதி என்று நாம் சொல்வது இனிமையை மட்டுமன்று என்பதற்காகவே இதனை எடுத்துக்காட்டினேன்.

நம்மவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் தாயி என்னும் இசைக்கலைஞர் கிராமபோன் நிறுவனத்திற்காக ஏராளமான தட்டுகளில் பாடினார். கொம்புக் குழாயின் முன் முகத்தை நீட்டி, மூன்று நிமிட அளவிற்குள் பாடியவை அவை. பிரான்சு நாட்டின் இசையமைப்பாளர் மொரிஸ் டெலாழ், இசைமேதை ராவெலின் மாணவர், 1912இல் இந்தியா வந்தார். தாயியின் பாட்டை நேரிற் கேட்டு மயங்கினார். தட்டுகளையும் தம்முடன் கொண்டுசென்றார். பாரிசில் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் ஆக்கியது 'ராகமாலிகா'. 1922இல் நிறைவுற்ற அப்படைப்பு தமிழ்ச் சொற்களாலேயே பாடப்படுவது. அதன் பெரும்பகுதி தாயியின் தட்டைப் பின்பற்றியது. ஐரோப்பியப் பியானோவில் நம் சுருதியின் தொனி வரவில்லை என்று கண்ட டெலாழ், குறிப்பிட்ட ஒரு கம்பியின் அடியில் அட்டைத் துண்டைச் செருகும்படி எழுதிவைத்தார். அமெரிக்கர் ஜான் கேஜ் பியானோக் கம்பிகளிடையே திருகாணிகளைச் செருகிப் புரட்சி செய்தது அதற்குப் பல்லாண்டு பின்னர். அந்நாளைய தட்டில் தாயியின் குரல் எந்த அளவுக்குச் சுருங்கியிருந்திருக்கும்! ஆயினும் அக்கமகங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள டெலாழின் செவிக்கு அது போதுமானதாயிருந்தது.

செவியும் நம்பிக்கையும்

ஒலிச்சுவைஞர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஹாரி பியர்சன் 1973இல் தொடங்கிய 'தி அப்சலூட் சவுண்ட்' இதழ், மின்னியல் துணையின்றி மெய்யான அரங்கில் ஒலிக்கும் இசையே இறுதி அளவுகோல் என்று கூறியது. இது உயர்ந்த கொள்கையே. வீணையின் மீட்டு மறைந்தபின் எஞ்சும் கார்வையைக் கேட்க இயலாத பதிவில் வீணையே இல்லை எனலாம். நுண்ணிய ஒலி இசையின் புறவணி அன்று. பல வேளைகளில் அதுவே இசை.

இடர் எங்கே தோன்றுகிறதென்றால், செவி கேட்பதற்கும் உள்ளம் நம்புவதற்கும் இடையில். 2007இல் பிராட் மேயர், டேவிட் மோரன் என்போர் பாஸ்டனில் தாம் நிகழ்த்திய சோதனைகளின் முடிவை வெளியிட்டனர். உயர்பிரிப்புத் தட்டின் ஒலி ஒருபுறம். அதே ஒலியைக் குறுந்தகட்டின் அளவிற்குக் குறுக்கித் தருவது மறுபுறம். எது எதுவெனக் கேட்போர்க்குச் சொல்லப்படவில்லை. 554 முறை சோதித்ததில் சரியாகக் கண்டது 276 முறை. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவே வந்திருக்கும். ஆனால் அவ்வறிக்கையின் இன்னொரு குறிப்பைப் பலர் மறந்துவிடுகின்றனர். உயர்பிரிப்புத் தட்டுகள் பலவும் வழக்கமான குறுந்தகடுகளைவிட உண்மையிலேயே நன்றாக ஒலித்தன. ஏனெனில் அவற்றை உருவாக்கியோர் கூடுதல் அக்கறையோடு உருவாக்கியிருந்தனர். வேறுபாடு எண்ணில் இல்லை, கையில் இருந்தது.

2022 சூலையில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. மூல நாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என ஒலிச்சுவைஞர் நம்பிப் பெருவிலை கொடுத்து வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில், 2011 முதலே எண்ணியல் படி ஒன்று இடையில் இருந்துவந்தது என்பதை அந்நிறுவனப் பொறியாளர்களே ஒப்புக்கொண்டனர். வழக்கு தொடரப்பட்டு உடன்பாட்டில் முடிந்தது. எண்ணியல் ஒலி காதைக் குத்துகிறது என்று பல்லாண்டு எழுதி வந்தோர், அதே தட்டுகளைத் தூய நாடா ஒலி என்று போற்றியிருந்தனர். மறைத்தது தவறே. ஆனால் பதினோராண்டு அத்தட்டுகள் அவர்களுக்குத் தந்த இன்பம் சூலை மாதத்தில் எப்படிப் பொய்யாகும்? கார்னகி மன்றத்தின் இருட்டு நூறாண்டு கடந்தும் விலகவில்லை போலும்.

இவ்விடத்தே நம் வட்டம் குறித்தும் ஒரு சொல். பத்தாண்டுக் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைத் தொகுக்க முற்பட்டபோது, தெளிவற்றவற்றை நீக்கிவிடலாம் என்ற கருத்து உறுப்பினர் சிலரிடம் எழுந்தது. மின்விசிறி இரைச்சலும் தேநீர்க் குவளை ஓசையும் மிகுந்த அப்பதிவுகளுள் ஒன்றில், இன்று நம்மிடையே இல்லாத மூத்த கவிஞர் ஒருவர் தம் கவிதையைப் படித்துக்கொண்டே வந்து, நான்காம் அடியில் நின்று, ஒரு சொல்லை மாற்றி அவ்வடியை மறுபடி படிக்கிறார். அச்சான தொகுப்பில் பழைய சொல்லே இருக்கிறது. பாடவேறுபாடு ஒன்றிற்குச் சுவடியும் இல்லை, கையெழுத்துப் படியும் இல்லை. அந்த இரைச்சல் மட்டுமே சான்று. அப்பதிவை நீக்க நான் இசையவில்லை. செயற்குழுவிலும் அவ்வாறே தெரிவித்துள்ளேன்.

இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கவிச்சந்திரன் அலெக்சாண்டர், கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில் 'வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்' என்னும் சிறு நிறுவனத்தை நடத்தியவர். ஒலித் தூய்மையில் அவருடைய பிடிவாதம் எந்த ஒலிச்சுவைஞர்க்கும் குறைந்ததன்று. வெற்றிடக் குழல்களால் தமக்கெனச் செய்வித்துக்கொண்ட நாடாக் கருவி. புளூம்லைன் வகுத்த முறையில் இரண்டே ஒலிவாங்கிகள். பிற்சேர்க்கையோ ஒட்டுவேலையோ கிடையாது. 1992 செப்டம்பரில் அந்நகரின் புனித அந்தோனியார் குருமடச் சிற்றாலயத்தில் இந்துஸ்தானி இசைஞர் விசுவமோகன் பட்டையும் அமெரிக்கக் கிதார் இசைஞர் ரை கூடரையும் அவர் எதிரெதிரே அமரச்செய்தார். பட் வாசிப்பது அவரே மாற்றியமைத்த மோகன வீணை. கூடருடையது கண்ணாடிக் குழலால் வழுக்கி வாசிக்கும் கிதார். உடன் ஒரு தபேலா; கூடரின் பதினான்கு வயது மகன் தட்டிய சிறுபறை ஒன்று. முன்னேற்பாடோ ஒத்திகையோ இல்லை. நாடா சுழலத் தொடங்குவதற்குச் சிறிது நேரம் முன்னரே இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டனர். அத்தட்டு 1993இல் வெளிவந்து மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. 1995இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'மும்தாஜ் மகால்' தட்டில் நம் சித்திரவீணைக் கலைஞர் ரவிகிரண், பட்டுடனும் அமெரிக்கப் பாடகர் தாஜ் மகாலுடனும் வாசித்திருக்கிறார்.

முதல் தட்டை ஒலிச்சுவைஞர்கள் தம் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கப் பயன்படுத்துகின்றனர். ஆலயத்தின் கூரை உயரம் தெரிகிறது, விரல் கம்பியைத் தொடும் இடம் தெரிகிறது என்கின்றனர், உண்மைதான். எனக்குக் கேட்பது வேறு: முதல் பாடலின் தொடக்கத்தில் ஒருவர் ஒரு சிறு பிடியை எடுத்து வைக்க, மற்றவர் உடனே மறுமொழி சொல்லாமல் சற்றே காத்திருக்கிறார். முன்பின் அறியாத இருவர் எந்த மொழியில் பேசிக்கொள்வது என்று தேடுகிற அந்தத் தயக்கத்தின் அளவை, நல்ல ஒலிவாங்கி இரண்டு இல்லாமல் நாம் அறிந்திருக்க முடியாது.